ஹட்டனில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: எழுபதின்மரோடு வேதம் வாசித்தல்

இலங்கை மலைநாட்டின் ஹட்டன் நகரத்துத் திருச்சபை ஒன்றின் மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடைபெறும் வேத வாசிப்பு வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் கலந்துகொண்டவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எபிரேய வேதத்தில் வழிபாட்டைக் குறிக்கும் சொற்களை, கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளில் வாழ்ந்த யூத மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்க மொழியில் எவ்வாறு தந்தார்கள் என்பதே வகுப்பின் பொருள். அந்தக் கிரேக்க வேதத்தையே எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு பொருளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஒருவர் முன்வந்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. வகுப்பை நடத்துபவர் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர். தம் பெயர் வெளிவருவதை அவர் விரும்பவில்லை. வேதத்தைப் பொறுமையாக வாசிக்க ஆசைப்படும் எவரும், எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், ஒரு பருவமாவது இதில் அமர்ந்துவிட்டு வரவேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் சில குறைகளும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கட்டணம் கிடையாது. போட்டோ கொப்பிச் செலவுக்கு மட்டும் ஆளுக்குச் சிறு தொகை வாங்குகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டச் சபைகளின் உபதேசியார்கள், ஞாயிறு பாடசாலை நடத்தும் பெண்கள், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். கத்தோலிக்க அருட்சகோதரி ஒருவரும் தவறாமல் வருகிறார். அவர் கொண்டுவரும் திருவிவிலியத்தில் மக்கபேயர் நூல்களும் எஸ்தர் நூலின் கிரேக்கப் பகுதிகளும் இருப்பதனால், எங்கள் வேதாகமத்தில் இல்லாத இடங்களுக்கு வகுப்பு அவரையே நம்பியிருக்கிறது. முறையாகப் பட்டப்படிப்பாகவே கற்க விரும்புவோருக்குப் பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கிவரும் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. வேலையையும் குடும்பத்தையும் விட்டு வரமுடியாதவர்களுக்கு இந்த வகுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு வாரமும் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அதில் மூன்று பத்திகள்: இடப்பக்கம் எபிரேயம், நடுவில் கிரேக்கம், வலப்பக்கம் நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய தமிழ்த் திருப்புதல். கவனிக்கவேண்டிய சொல்லின் கீழே கோடிட்டு, அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போதகர் தம் கையாலேயே எழுதியிருப்பார். கிரேக்கம் தெரியாதவர் வரலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. கோடிட்ட சொற்களை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு எழுத்துகளை முதல் வகுப்புகளிலேயே பழக்கிவிடுகிறார்கள்.

வரலாற்றுப் பின்னணியை வகுப்பு நேர்மையாகக் கையாளுகிறது. எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி மன்னன் தன் அலெக்சாந்திரிய நூலகத்துக்காக எருசலேமிலிருந்து மொழிபெயர்ப்பாளர்களை வரவழைத்தான் என்றும், கோத்திரத்துக்கு ஆறு பேராக 72 பேர் வந்து 72 நாட்களில் நியாயப்பிரமாணத்தைக் கிரேக்கத்தில் முடித்தார்கள் என்றும் அரிஸ்தேயாவின் மடல் என்னும் பழைய கிரேக்க நூல் கூறுகிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்ற பெயர் அந்த எண்ணைச் சுருக்கி வந்ததே. ஆனால் அந்த மடல், அது வருணிக்கும் காலத்துக்கு ஒரு நூற்றாண்டளவு பின்னர் எழுதப்பட்டது என்பதையும், மோசேயின் ஐந்து நூல்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்க்கப்பட்டன என்றாலும் மற்றவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளால் செய்யப்பட்டவை என்பதையும் போதகர் முதல் நாளிலேயே தெளிவாகச் சொன்னார். கதையைக் கதையாகவும் வரலாற்றை வரலாறாகவும் வைக்கும் இந்தப் பழக்கம் நம் வேத வகுப்புகளில் அரிது. அதே நாளில், சீராக் நூலைத் தன் பாட்டனாரின் எபிரேயத்திலிருந்து கிரேக்கமாக்கிய பேரன் எழுதிய முன்னுரையையும் வாசித்தோம். கி.மு. 132 அளவில் எகிப்துக்கு வந்த அந்த மனிதர், எபிரேயத்தில் சொல்லப்பட்டது வேறு மொழிக்குப் போகும்போது அதே வலிமையோடு நிற்பதில்லை என்றும், நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசன நூல்களும்கூட மூலத்தில் வாசிக்கும்போது சிறிதல்லாத அளவில் வேறுபடுகின்றன என்றும் எழுதி, வாசகரிடம் பொறுமை கேட்கிறார். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் குரலை நேரடியாகக் கேட்கக் கிடைப்பது பெரும் பேறு.

வகுப்பின் உயிர்நாடி என்று நான் கருதுவது இரண்டு சொற்களுக்கு ஒதுக்கப்பட்ட வாரங்களைத்தான்.

முதலாவது, தரையில் விழுந்து வணங்குவதைக் குறிக்கும் எபிரேயச் சொல். ஹிஷ்தஹவா என்னும் அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் ஏறக்குறைய எப்போதும் புரொஸ்குனேயோ என்ற ஒரே சொல்லையே வைத்தார்கள். ஆபிரகாம் மோரியா மலைக்குப் போய்க் கடவுளைத் தொழுவதற்கும் அதே சொல். சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்டு ஏத்தின் புத்திரருக்கு முன் குனிவதற்கும் அதே சொல். யாக்கோபு தன் அண்ணன் ஏசாவுக்கு முன் ஏழு முறை தரைமட்டும் குனிந்ததற்கும் அதே சொல். தமிழ்ப் பத்தியைப் பார்த்தால் முதலிடத்தில் தொழுதுகொள்ளுதல், இரண்டாமிடத்தில் வந்தனம், மூன்றாமிடத்தில் வணங்குதல். கடவுளுக்குச் செய்வதையும் மனிதருக்குச் செய்வதையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் வேறு வேறு சொற்களால் பிரித்துக்கொடுத்தார்கள், கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் பிரிக்கவில்லை. தாளில் மூன்று வசனங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, நடுப் பத்தியில் ஒரே சொல் மூன்று முறை நிற்பதையும் வலப் பத்தியில் மூன்று சொற்கள் நிற்பதையும் கண்ணால் காணும்போது, விளக்கமே தேவைப்படாமல் பாடம் மனதில் பதிந்துவிடுகிறது.

கிரேக்கருக்கு அந்தச் சொல் சாதாரணமானதன்று. பாரசீக மன்னனுக்கு முன் விழுந்து வணங்கும் வழக்கத்தை அதே சொல்லால் குறித்த கிரேக்கர், சுதந்திர மனிதன் மனிதனுக்கு அப்படிச் செய்யலாகாது என்று கருதினார்கள். ஸ்பார்த்தாவின் தூதர்கள் சூசாவில் மன்னன் முன் விழ மறுத்ததை ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். மகா அலெக்சாந்தர் கி.மு. 327இல் இந்த வணக்கத்தைத் தன் மாசிதோனியரிடமும் எதிர்பார்த்தபோது எழுந்த எதிர்ப்பு பெயர்பெற்றது. அந்த அலெக்சாந்தர் நிறுவிய நகரத்தில், அவன் இறந்து நூறாண்டு முடிவதற்குள், யூதர்கள் இதே சொல்லை எடுத்து ஆபிரகாமின் தொழுகைக்கும் வைத்தார்கள். மனிதருக்கா, கடவுளுக்கா என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்தது. கிரேக்க எஸ்தரில் அது வெளியே வந்துவிடுகிறது. யூதரான மொர்தெகாய் பாரசீக மன்னனின் அமைச்சன் ஆமானை ஏன் வணங்கவில்லை என்பதற்கு எபிரேய நூல் நீண்ட காரணம் தருவதில்லை. கிரேக்கத்தில் சேர்க்கப்பட்ட மன்றாட்டிலோ, இஸ்ரவேலின் மீட்புக்காக ஆமானின் உள்ளங்காலையும் முத்தமிட ஆயத்தமாயிருந்தேன் என்றும், மனிதனின் மகிமையைக் கடவுளின் மகிமைக்கு மேலாக வைக்கலாகாது என்றே அப்படி நடந்தேன் என்றும், ஆண்டவரே உம்மையன்றி ஒருவரையும் வணங்கமாட்டேன் என்றும் அவர் சொல்கிறார். அருட்சகோதரி இந்தப் பகுதியைத் தம் திருவிவிலியத்திலிருந்து உரத்து வாசித்தார். சேர்க்கப்பட்ட பகுதி என்று சொல்லி ஒதுக்கிவிடும் நம் சீர்திருத்த சபைப் பழக்கத்தால், இவ்வளவு முக்கியமான ஒரு சாட்சியை நாம் வாசிக்காமலே இருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமளித்தது.

இரண்டாவது சொல் வகுப்பில் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. எபிரேயத்தில் ஆவத் என்ற வினை நிலத்தில் உழைப்பதற்கும், எஜமானுக்கு அடிமையாய் இருப்பதற்கும், கடவுளுக்கு ஆராதனை செய்வதற்கும் பொதுவானது. எகிப்தில் இஸ்ரவேலர் பார்வோனுக்குச் செய்ததும் அதுதான், விடுதலையாகிச் சீனாய் மலையில் கடவுளுக்குச் செய்யப்போவதும் அதுதான். யாத்திராகமத்தின் முழு வாதமும் அந்த ஒற்றைச் சொல்லில் நிற்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரித்தார். எனக்கு ஆராதனைசெய்ய என் ஜனங்களை அனுப்பிவிடு என்று மோசே சொல்லும் இடங்களில் லாத்ரேயுவோ. எகிப்தியருக்கு வேலைசெய்ய எங்களைச் சும்மா விட்டுவிடும் என்று செங்கடலோரத்தில் ஜனங்கள் முறையிடும் இடத்தில் தூலேயுவோ, அதாவது அடிமைவேலை. பெயர்ச்சொல்லிலும் அப்படியே. 6ஆம் அதிகாரத்தில் கடவுள் விடுவிக்கப்போகும் அடிமைத்தனமும், 12ஆம் அதிகாரத்தில் பஸ்காவைக் குறித்துப் பிள்ளைகள் கேட்கும் இந்த ஆராதனையின் கருத்தும் எபிரேயத்தில் ஒரே சொல், கிரேக்கத்தில் இரண்டு. இங்கே நம் தமிழ்த் திருப்புதல் கிரேக்கரின் வழியையே ஒத்திருக்கிறது. ஆராதனை ஒரு பக்கம், வேலை மறுபக்கம்.

கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் அன்று கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன். "ஐயா, அப்போ பார்வோனுக்குச் செஞ்ச வேலைக்கும் ஆண்டவருக்குச் செய்யிற ஆராதனைக்கும் அந்தப் பாஷையில ஒரே சொல்லுதானா?" போதகர் சற்று நிறுத்தி, "ஆமாம்மா, ஒரே சொல்தான். யாருக்குச் செய்யிறோம் என்கிறதுதான் வேற" என்றார். அதன்பின் அவர் சொன்ன தகவல் எனக்கு இந்தப் பருவத்திலேயே மிகவும் பெறுமதியானது. ஆராதனைக்கென்று கிரேக்க மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த லாத்ரேயுவோ என்ற சொல், பழைய கிரேக்கத்தில் கூலிக்கு உழைப்பதைக் குறித்தது. கூலியைக் குறிக்கும் லாத்ரோன் என்ற சொல்லோடு உறவுடையது. கூலிவேலைக்குரிய சொல்லையே எடுத்துக் கடவுளின் சந்நிதிக்குரியதாக ஆக்கினார்கள். 1854இல் மலைநாட்டுத் தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்யத் தொடங்கிய மிஷனின் பெயரிலேயே கூலி என்ற சொல் இருந்ததை அறிந்த மக்களுக்கு முன்னால் இதைச் சொல்லும்போது, அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. போதகரும் விளக்கவில்லை, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

பலிபீடம் பற்றிய வாரமும் இதற்குக் குறையாதது. எபிரேயத்தில் கர்த்தருக்குரிய பீடத்துக்கும் அந்நிய தெய்வங்களின் பீடத்துக்கும் பொதுவாக மிஸ்பேயாஹ் என்ற ஒரே சொல் வழங்குகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கக் கோவில்களில் புழங்கிய போமோஸ் என்ற சொல்லை அந்நியருடைய பீடங்களுக்கு விட்டுவிட்டு, கர்த்தருடைய பீடத்துக்குத் தூசியாஸ்தேரியோன் என்ற சொல்லை வழங்கினார்கள். அது அவர்களுக்கு முந்திய கிரேக்க எழுத்தில் காணப்படாத புதுச்சொல். பிலேயாம் கட்டச்சொன்ன ஏழு பீடங்களும் போமோஸ். இன்னும் கூர்மையான இடம் யோசுவா 22ஆம் அதிகாரம். யோர்தானருகே இரண்டரைக் கோத்திரத்தார் கட்டிய பீடத்தால் உள்நாட்டுப் போர் மூளும் நிலை வருகிறது. அந்தப் பீடத்துக்கு எபிரேயம் வழக்கமான சொல்லையே வைக்க, கிரேக்கம் அதைப் போமோஸ் என்கிறது. கதையில் தீர்ப்பு வருமுன்பே மொழிபெயர்ப்பாளர் தம் தீர்ப்பை எழுதிவிட்டார். மக்கபேயர் முதல் நூலில் அந்தியோக்கஸ் மன்னன் காலத்தில் எருசலேம் ஆலயம் தீட்டுப்பட்டதைச் சொல்லும்போது, பலிபீடத்தின் மேலிருந்த போமோஸில் பலியிட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் இரு சொற்களும் மோதுகின்றன. தமிழிலோ பலிபீடம் என்ற சொல் கோவில் கொடிமரத்துக்கு அருகே இருக்கும் பீடத்துக்கும் உரியது. தோட்டத்து மாரியம்மன் கோவிலிலும் நம் வேதத்திலும் அதே சொல்தான். அலெக்சாந்திரியாவின் யூதர் ஒதுக்கிவைத்த வகைச் சொல்லை நம் முன்னோர் தயங்காமல் ஏற்றார்கள். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் செய்த திருப்புதலில் ஆறுமுக நாவலர் துணைநின்றதை நினைத்தால், நம் வேதத் தமிழுக்கும் சைவத் தமிழுக்கும் இடையே சுவர் எழுப்புவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

கட்டிலா கோலா என்ற பாடத்தைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் முடிவில் யாக்கோபு கட்டிலின் தலைமாட்டிலே சாய்ந்து தொழுதுகொண்டான் என்று வாசிக்கிறோம். எபிரெயர் 11:21இல் தன் கோலின் முனையிலே சாய்ந்து தொழுதுகொண்டான் என்று வாசிக்கிறோம். இரண்டையும் ஆலயத்தில் பலமுறை கேட்டும் நம்மில் பலர் கவனித்ததில்லை. உயிர்க்குறிகள் இல்லாத எபிரேய எழுத்தில் மூன்று மெய்கள் மட்டும் நிற்கின்றன: மித்தா என்று வாசித்தால் கட்டில், மத்தே என்று வாசித்தால் கோல். எபிரேய மரபு முதலாவதையும் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதையும் வாசித்தார்கள். எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் கிரேக்கத்தையே மேற்கோள் காட்டினார். வெறும் மூன்று எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி இதைக் காட்டிய விதம் மிகச் சிறப்பு.

ஆசாரியரின் பணியைக் குறிக்கும் லெயிதூர்கேயோ, கருத்து என்ற பொருளிலிருந்து மகிமைக்கு உயர்ந்த டோக்ஸா, மொழிபெயர்க்காமல் ஒலியாகவே விடப்பட்ட அல்லேலூயா ஆகியவற்றுக்கு ஒரே வாரம்தான் கிடைத்தது. ஏதென்ஸில் செல்வந்தர் நகரத்துக்காகத் தம் செலவில் போர்க்கப்பல் நடத்தும் கடமைக்கு வழங்கிய அந்த முதற்சொல் லேவியரின் ஊழியத்துக்கு எப்படி வந்தது என்பது தனியாக ஒரு பிற்பகலுக்கு உரிய விடயம். அதை அரை மணி நேரத்தில் முடித்தது நியாயமன்று.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. போதகர் மொழிபெயர்ப்பாளரின் ஒவ்வொரு தெரிவிலும் ஓர் ஆழ்ந்த நோக்கத்தைக் காண முற்படுகிறார். லாத்ரேயுவோ கடவுளுக்கும் தெய்வங்களுக்கும் மட்டுமே என்று அவர் ஒரு விதியாகச் சொன்னார். ஆனால் உபாகமம் 28:48இல், கீழ்ப்படியாத ஜனம் தன் சத்துருக்களைச் சேவிக்கும் என்ற இடத்தில் கிரேக்கம் அதே லாத்ரேயுவோவை வைக்கிறது. மறுபுறம் சங்கீதங்களின் மொழிபெயர்ப்பாளர், பயத்துடனே கர்த்தரைச் சேவியுங்கள் என்ற 2ஆம் சங்கீதத்திலும், மகிழ்ச்சியுடனே கர்த்தருக்கு ஆராதனை செய்யுங்கள் என்ற 100ஆம் சங்கீதத்திலும் அடிமைவேலைக்குரிய தூலேயுவோவையே கடவுளுக்கு வைத்திருக்கிறார். 2ஆம் சங்கீதத்துக்கு மட்டும், பயம் என்ற சொல் இருப்பதால் அடிமை என்ற சொல் வந்தது என்று போதகர் காரணம் காட்டினார். அப்படியானால் மகிழ்ச்சி பேசும் 100ஆம் சங்கீதத்தை என்ன செய்வது? மோசேயின் நூல்களை மொழிபெயர்த்தவர்களும் சங்கீதங்களை மொழிபெயர்த்தவரும் வேறு காலத்தவர், வேறு வழக்கமுடையவர்கள் என்று முதல் நாள் அவரே சொன்ன விளக்கம் இங்கே போதுமானது. அதை அவர் கடைசிவரை பற்றிக்கொண்டிருக்கலாம். இதை நான் வகுப்பிலேயே எழுந்து சொன்னபோது, ஐயா கோபிக்காமல் அந்த இரு வசனங்களையும் அடுத்த வாரத் தாளில் சேர்த்துக்கொண்டு வந்தார் என்பதையும் பதிவு செய்வது கடமை.

கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் இடையே வேறுபாடு வந்தால் மூல எபிரேயமே எப்போதும் சரி என்ற மனப்பான்மை வகுப்பில் சிலரிடம் இருந்தது. அதைத் திருத்த இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். உபாகமம் 32:43இன் கிரேக்க வடிவில் தேவனுடைய புத்திரர் எல்லாரும் அவரை வணங்கும்படி அழைக்கும் வரி நமக்குக் கிடைத்துள்ள வழக்கமான எபிரேயத்தில் இல்லை. சாக்கடலோரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த எபிரேயச் சுருள் ஒன்றில் அதற்கு இணையான வரி இருக்கிறது. ஆகவே கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தாமாகக் கற்பனைசெய்து சேர்க்கவில்லை, வேறொரு எபிரேயப் பிரதியை வாசித்தார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. இந்த ஒரு தாளைப் பருவத்தின் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால், பிற்பாடு எழுந்த பல வீண் விவாதங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும்.

தாள்களின் அச்சு இன்னும் பெரிதாக இருக்கலாம். எபிரேயப் பத்தியின் உயிர்க்குறிகள் கொப்பியில் மங்கிவிடுவதால் வயதானவர்கள் சிரமப்படுகிறார்கள். தமிழ் எழுத்தில் தரும் உச்சரிப்பும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பருவ முடிவில் எல்லாச் சொற்களையும் ஒரே தாளில் தொகுத்துத் தந்தால் உபதேசியார்களுக்குப் பிரசங்கம் ஆயத்தம்பண்ண உதவும்.

மழைக்காலத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் ஒரு கவலைதான். ஆகையால் வகுப்பைச் சற்று முன்னதாகத் தொடங்கும்படி கேட்டிருக்கிறோம், போதகரும் இசைந்திருக்கிறார். வரும் பருவம் சங்கீதங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. கிரேக்கத்தில் நம்முடைய 9ஆம் 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாயிருப்பதனால் அதன்பின் பெரும்பாலான எண்கள் ஒன்று குறைந்து வரும். நம் 23ஆம் சங்கீதம் அங்கே 22ஆவது. புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் வேதாகமத்தின் ஓரத்தில் அந்த எண்களைப் பென்சிலால் முன்கூட்டியே குறித்துக்கொண்டு வந்தால், முதல் வகுப்பில் பக்கம் தேடுவதிலேயே நேரம் போகாது.